அப்பா ஓடிய குதிரை

எங்கள் குடும்பத்தில் குதிரை ஓடத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் பத்து நிமிடம் நான் உறுதியாக நம்பியிருந்தேன். அந்தப் பத்து நிமிடத்துக்குள் நான் பார்த்த வேலையைப் பற்றி வீட்டில் இன்றைக்கும் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் கனடாவில் அஜக்ஸுக்கு வீடு மாறி வந்த முதல் கோடை. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, மிசிசாகாவில் பெரிய என்ஜினியர். மாமிக்கு ஸ்பெயின் போய் மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் குதிரைச் சவாரி செய்ய வேண்டும் என்று தீராத ஆசை. மாமாவுக்கோ விமானம் என்றாலே காது அடைக்கும். தேடித் தேடி, ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் வடக்கே ஸ்பெயின்காரி ஒருவர் நடத்தும் குதிரைப் பண்ணையைக் கண்டுபிடித்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆறுதலாக இருந்துவிட்டு வரலாம், எல்லாம் ஸ்பெயின் முறைப்படிதான் என்றார். எங்களையும் கூட்டிக்கொண்டு போனார்.

வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, வாசலில் பெரிய சட்டிகளில் நான்கு ஒலிவ் மரங்கள். குளிர் தொடங்கினால் மரங்களைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிடுவார்களாம். மாமி காரால் இறங்கியதுமே படம் எடுக்கத் தொடங்கினார். பின்னால் நின்ற மேப்பிள் மரம் மட்டும் எந்தப் படத்திலும் விழாமல் பார்த்துக்கொண்டார்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் படிப்பு என்றால் மாமா. நான் கணக்கில் ஒரு புள்ளி குறைந்தாலும் அம்மா மாமாவின் பெயரைத்தான் எடுப்பார். அதற்கு அடுத்த வசனமும் எனக்குப் பாடம். "கொப்பாவைப் போல சோதினைக்குப் பயந்து ஓடிப் போகாதை." அப்பா ஊரில் பல்கலைக்கழகத்துக்கான சோதனை எழுதப் போனவர், கணக்குப் பேப்பர் அன்று மண்டபத்துக்கே போகவில்லை என்பது எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரிந்த பகிடி. பகிடி விடுகிறபோது அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். இங்கே அவர் பேக்கரியில் பாண் போடுகிற வேலை செய்தார். கல்யாணத்துக்கு முன்பே தெரிந்த கதைதான் என்றாலும், அம்மா அந்தப் பேப்பரை அவருக்கு மன்னித்ததே இல்லை.

காலையில் பண்ணைக்கார அம்மா எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குதிரை காட்டினார். எனக்கு ஒரு கிழட்டு மட்டக்குதிரை. மாமிக்கு ஒரு மண்ணிறக் குதிரை. அது புல்லைக் கண்ட இடமெல்லாம் நின்றது. அப்பா மட்டும் ஏற மாட்டேன் என்று வாங்குப் பலகையில் இருந்துவிட்டார். எல்லாருடைய கைப்பையும் தண்ணீர்ப் போத்தலும் அவர் மடியில். எனக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அங்கே வந்திருந்த மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் தொப்பியும் சப்பாத்துமாகக் குதிரையில் போக, என் அப்பா சாமான்களுக்குக் காவல்.

சவாரி முடிந்து என் குதிரைக்குக் கரட் கொடுக்க லாயத்துக்குப் போனேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவின் குரல் கேட்டது.

"ஒருக்கா ஏறிப் பாரன் மச்சான். ஆசைக்கு."

"நான் உனக்கு ஓடின குதிரையே போதும்," என்றார் அப்பா.

மாமா தாழ்ந்த குரலில், "அண்டைக்கு நீ ஓடியிராட்டி நான் இண்டைக்கு இஞ்சை நிண்டிருக்க மாட்டன்," என்றார்.

எங்கள் பேச்சில் காரும் ஓடுவதுதான், சைக்கிளும் ஓடுவதுதான். ஆகவே குதிரையும் ஓடுவதுதான். ஊரில் சண்டை நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். மிச்சத்தை நானே கட்டிக்கொண்டேன். குண்டுகள் விழுகின்றன, மாமா ஒரு வயலுக்குள் மாட்டிக்கொண்டார், அப்பா குதிரையில் பறந்து போய் அவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார். இவ்வளவையும் செய்துவிட்டு இந்த மனிதர் மடியில் கைப்பைகளோடு இருக்கிறாரே என்று எனக்கு அழுகையே வந்தது. அப்பாவின் மானத்தை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

மத்தியானச் சாப்பாடு முற்றத்தில் நீண்ட மேசையில். பண்ணைக்கார அம்மா பெரிய தட்டில் மஞ்சள் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, நீங்கள் ஏன் ஏறவில்லை என்று அப்பாவை ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். என் அப்பா பழைய சவாரிக்காரர், மாமாவுக்காகவே ஓடியவர் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மா முகம் மலர்ந்து லாயத்துப் பக்கம் விரைந்தார். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது சரியாக விளங்கவில்லை போலிருந்தது. ஆகவே அம்மாவின் பக்கம் திரும்பித் தெளிவான தமிழில் சொன்னேன்.

"அம்மா, அப்பா மாமாவுக்குக் குதிரை ஓடினவராம். மாமாவே சொன்னவர்."

அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. மாமாவின் முகத்தில் இரத்தம் இல்லை. மாமி மாமாவைப் பார்த்தார், அப்பா சோற்றைப் பார்த்தார். கைதட்டல் வரும் என்று காத்திருந்த நான் திகைத்துப்போனேன்.

நான் அறியாதது இதுதான். இலங்கையில் எங்கள் ஆட்கள் 'குதிரை ஓடுவது' என்றால் அதில் குதிரையே கிடையாது. ஒருவருடைய பெயரில் இன்னொருவர் போய்ச் சோதனை எழுதுவதற்குத்தான் அந்தப் பேச்சு. அகப்பட்டால் மறியல், சிறைதான். மிச்சத்தைப் பல வருடங்களுக்குப் பிறகு துண்டு துண்டாகக் கேட்டறிந்தேன். இருவரும் கூட்டாளிகள். மாமாவுக்கு அது மூன்றாம் தடவை, அதற்குமேல் பல்கலைக்கழகக் கதவு திறக்காது. அப்பாவுக்கு முதல் தடவை, அடுத்த வருடம் எழுதலாம். இருவருக்கும் ஒரே மெலிவு, ஒரே மீசை. அப்பா தன்னுடைய மண்டபத்துக்குப் போகாமல் மாமாவின் மண்டபத்துக்குப் போய், மாமாவின் சுட்டெண்ணில் கணக்கு எழுதினார். அடுத்த வருடம் ஊரே இடம்பெயர்ந்தது. அப்பாவின் முறை வரவே இல்லை.

"உண்மையே அண்ணை?" என்று அம்மா கேட்டார்.

மாமி முந்திக்கொண்டார். "அப்ப நீங்கள் என்ஜினியர் இல்லையோ?"

"கணக்கு மட்டும்தான்," என்றார் மாமா. "மிச்சமெல்லாம் நான்தான் எழுதினனான்."

இந்த நேரம் பார்த்துப் பண்ணைக்கார அம்மா சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் அந்தப் பண்ணையிலேயே உயரமான வெள்ளைக் குதிரை. பழகிய ஒருவருக்குத்தான் இதைக் கொடுப்பேன் என்றார். எத்தனை வருடம் ஓடினீர்கள் என்றும் கேட்டார்.

"ஒரு நாள்தான்," என்றார் அப்பா ஆங்கிலத்தில்.

அந்த மேசையை விட்டு எழும்பக் கிடைத்த ஒரே வழி குதிரைதான் என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா போய் ஏறினார். ஏறினார் என்பதைவிட, இரண்டு வேலைக்காரர்கள் அவரைத் தள்ளி ஏற்றினார்கள் என்பதே சரி. கண்ணை மூடிக்கொண்டு, குதிரையின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அன்றைக்கு எனக்குப் பெரிய அதிர்ச்சி அதுதான். குண்டுமழைக்குள் மாமாவைக் காப்பாற்றிய மனிதருக்குக் குதிரையில் நேராக இருக்கவே தெரியவில்லை. அப்பா பொய் சொல்லியிருக்கிறார் என்று முடிவுகட்டி, அவரோடு கோபித்துக்கொண்டேன்.

பின்னேரம் மாமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமியும் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார். அப்பா வேலியில் சாய்ந்து நிற்க, நான் கோபம் ஆறாமல் பக்கத்தில் நின்று அந்த வெள்ளைக் குதிரைக்குப் புல் நீட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து அப்பாவுக்கு அருகே நின்றார். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அம்மாவின் குரல் அப்படியிருக்கவில்லை.

"என்ன கேள்வியள் வந்தது?"

அப்பா சொல்லத் தொடங்கினார். சுவரில் சாத்தி வைத்த ஏணியில் ஒருவன் ஏறுகிறான், எவ்வளவு தூரம் ஏறினால் ஏணி வழுக்கும் என்பது முதலாவது. பிறகு மேலே எறிந்த பந்து. பிறகு இன்னொன்று. ஒன்றையும் விடாமல், எண்ணுக்கு எண் சொல்லிக்கொண்டே போனார். ஆறுதலாக இருக்க வந்த இடத்தில் இவர்கள் கணக்குப் பாடம் நடத்துகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒண்டும் மறக்கேல்லையோ?" என்றார் அம்மா.

"வேறை சோதினை நான் எழுதேல்லையே, இது மறந்து போக."

அம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணைக்குக் கணக்குக்கு 'ஏ' வந்தண்டைக்கு ஒழுங்கை முழுக்க வீடு வீடா ரொபி குடுத்தது நான்தான்."

"ஓம்."

"உங்களுக்கும் தந்தனான். சோதினைக்குப் போகாத ஆள், பாவம் எண்டு ரண்டு தந்தனான்."

"ஓம்," என்றார் அப்பா. "ரண்டையும் உமக்கு முன்னாலை நிண்டே சாப்பிட்டனான்."

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அப்படி அவர் அழுது நான் பார்த்ததில்லை. எப்போதோ கொடுத்த இரண்டு ரொபி இனிப்புக்கு ஏன் இவ்வளவு அழுகை என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் பிழை யார் பக்கம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"ஒண்டையாவது அம்மாவுக்குத் திருப்பிக் குடுத்திருக்கலாம்தானே அப்பா," என்றேன்.