சக்களத்திக்கு நல்ல தண்ணீர்

என் சமையலறையில் நீலப் பிளாஸ்டிக் குடம் ஒன்று இருக்கிறது. அதன் கழுத்தில் பச்சைப் பெயிண்டில் நான்கு விரல் பதிந்திருக்கும். லாரிக்குப் பெயிண்ட் அடித்த கையைக் கழுவாமல் என் வீட்டுக்காரர் தூக்கியதில் வந்த கறை. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போய்விடும், நான் தேய்க்கவில்லை. பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் எனக்குச் செய்ததற்கு ஒரு சாட்சி வேண்டும் என்றுதான் விட்டுவைத்தேன்.

திருப்புல்லாணிக்குத் தெற்கே எங்கள் ஊர். எங்கே போர் போட்டாலும் உப்புத்தான் வரும். குடிக்கிற தண்ணீர் வண்டியில் வரும்போது வரிசையில் நின்று பிடிக்க வேண்டும். குளிக்க, துவைக்க எல்லாம் உப்புத் தண்ணீர். கல்யாணமாகி வந்த வருடமே என் முடி தேங்காய் நாராகிவிட்டது. அவர் அப்போது பட்டாளத்தில் லாரி டிரைவர். வருடத்துக்கு இரண்டு மாதம் லீவில் வருவார். மற்ற மாதமெல்லாம் அவர் குடித்தனம் நடத்தியது அந்த லாரியோடுதான். பதினேழு வருடம் பொறுத்துக்கொண்டேன். பென்ஷன் வாங்கி வந்து சேர்ந்தபோது, இனி மனிதர் எனக்குத்தான் என்று நம்பினேன்.

மறு வருடமே, ராணுவம் கழித்துப்போட்ட ஒரு பழைய லாரியை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். அவர் வேலைக்குச் சேர்ந்தபோதே கிழடு தட்டிப்போயிருந்த ரகமாம். முதன்முதலில் ஓட்டியது இந்த மாதிரி வண்டியைத்தானாம். சொல்லும்போது முகம் புது மாப்பிள்ளை முகமாக இருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று கூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

என்ஜின் இறுகிக் கிடந்தது. சிலிண்டருக்குள் டீசலை ஊற்றி ஊறவைத்து, முன்பக்கம் இரும்புக் கம்பியைச் செருகி, தினமும் கொஞ்சம் திருகிப் பார்ப்பார். ஒன்பது நாள் அசையவில்லை. பத்தாவது நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. சோற்றில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுகிற மனிதருக்கு இந்தப் பொறுமை எங்கே இருந்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு துருவைச் சுரண்டுவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் மாதக்கணக்கில் நடந்தது. கடற்காற்றில் வரும் உப்பு தகரத்தைத் தின்றுவிடுமாம். அதனால் சாயங்காலம் தவறாமல் அதைக் கழுவ வேண்டும். அதுவும் நல்ல தண்ணீரில். நான் இடுப்பொடியச் சுமந்து வந்த தண்ணீரில் தினம் ஒரு குடம் அதற்குப் போனது. எதிர்வீட்டுக்காரி வேலியோரம் நின்று, "என்ன மதினி, ஒங்க சக்களத்தி குளிச்சாச்சா?" என்று கேட்பாள். நானும் சிரிப்பேன். வயிறு எரியும்.

என் தம்பி மகள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன். "இன்னிக்கு மட்டும் அந்தக் கொடத்த எனக்குக் குடுங்க. தலைக்கு ஊத்திக்கிறேன்." அவர் பெயிண்ட் கையோடு குடத்தைத் தூக்கி, சிரித்துக்கொண்டே, "ஒனக்கென்ன, துருவா பிடிக்கப் போகுது?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் குடத்தைத் தரவில்லை. சிக்குப் பிடித்த தலையோடு கல்யாணத்துக்குப் போய், போட்டோ எடுக்கிற பக்கமே போகாமல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஒரு காலை வேளையில் என்ஜின் எடுத்துக்கொண்டது. நீலப் புகைக்கு நடுவே, "ஏ புள்ள, இங்கன வா!" என்று கத்தினார். போய்ப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தார். நான் மூன்று நாள் நோவுபட்டு மகனைப் பெற்றபோது, லீவில் வந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்கான்" என்று ஒரு வார்த்தை சொன்னவர் அவர்.

முதல் ஓட்டம் இராமேஸ்வரத்துக்கு. பக்கத்து சீட்டில் எனக்கென்று மெத்தை தைத்துப் போட்டு, மேலே துண்டை விரித்துவைத்து, "ஏறு" என்றார். "நீங்க அவளோட போங்க. நான் பஸ்ல வாரேன்" என்றேன். சொன்னபடியே பஸ்ஸில் போனேன். உச்சிப்புளி தாண்டி பஸ் லாரியை முந்தியது. ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தத் துண்டு காற்றில் படபடத்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அதன் பிறகு அவர் என்னை ஏறச் சொல்லவில்லை. நானும் ஏறவில்லை.

அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான் செய்த முதல் வேலை லாரியை விற்றதுதான். மகன் தடுத்தும் கேட்கவில்லை. இராமேஸ்வரம் சாலையில் தங்கும் விடுதி வைத்திருக்கும் ஒருவர், வாசலில் பார்வைக்கு நிறுத்த வாங்கிப் போனார். வேப்பமரத்தடி காலியானதும் நிம்மதியாகத்தான் இருந்தது.

போன மாதம் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். காவலாளி ரப்பர் குழாயால் அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். கதவோரம் துரு பூத்திருந்தது. "எந்தத் தண்ணிய்யா இது?" என்று கேட்டேன். "போர்த் தண்ணிதாம்மா." "உப்புத் தண்ணி ஊத்தாதீங்க. தகரம் தாங்காது." அவர் சிரித்தார். "சும்மா நிக்கிற வண்டிதானம்மா. துருப்பிடிச்சா என்ன?" எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குழாயைப் பிடுங்கி எறிந்திருப்பேன். பக்கத்து சீட்டில் மெத்தை அப்படியே இருந்தது. யாரும் உட்கார்ந்து அமுங்காத மெத்தை.

இப்போது எங்கள் தெருவுக்கே குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. அந்த நீலக் குடத்தில்தான் பிடிக்கிறேன். பச்சை விரல்களின்மேல் என் விரல்களை வைத்துத் தூக்கி, முழுக்குடத்தையும் என் தலையில்தான் ஊற்றிக்கொள்கிறேன். முடி மெத்தென்று ஆகிவிட்டது. அவள் அங்கே உப்புத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருக்கிறாள். நான் சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை.