நிலவறைக்குள் வந்த கிணறு

மலாயாவில், ஈப்போவில் பதினெட்டு வருடம் ரெயில்வே கிளாக்கராக இருந்த என் கணவரை, ஆட்குறைப்பு என்று சொல்லி நாற்பத்திரண்டு வயதில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்சப் பென்சன், ஒரு கற்பூரமரப் பெட்டகம், ஒரு கிராமபோன், ஒரு யோசனை. இவ்வளவோடுதான் நாங்கள் யாழ்ப்பாணத்துக்கு, எங்கள் ஊரான உடுவிலுக்குத் திரும்பினோம்.

யோசனைதான் விலை கூடியது. அவருடைய வெள்ளைக்காரத் துரையின் வீட்டில் நிலத்துக்குக் கீழே ஓர் அறை இருந்ததாம். அந்த வீட்டுப் படியை இவர் ஒருநாளும் மிதித்ததில்லை. துரையின் சமையற்காரன் சொல்லக் கேட்டதுதான். ஆனாலும் எங்கள் வளவுக் காணியில் புதுக் கல்வீடு கட்டும்போது, விறாந்தைக்குப் பக்கத்து அறைக்குக் கீழே எட்டடி ஆழத்தில் நிலவறை வேண்டும் என்று நின்றார்.

மேசன் தலையைச் சொறிந்தார். "ஐயா, கீழை என்னத்தை வைக்கப் போறியள்?"

"வெக்கையைத் தவிர மற்ற எல்லாத்தையும்" என்றார் இவர்.

பங்குனியில் வெட்டி முடித்தார்கள். பொய் சொல்லக்கூடாது, சித்திரை வெயிலில் அதற்குள் சுகமாகத்தான் இருந்தது. இவர் சாய்ந்து படுக்கும் சாய்மனைக் கதிரையை இறக்கி, பெட்டகத்தை இறக்கி, கிராமபோனையும் இறக்கினார். பார்க்க வந்தவர்களிடம் தானே பூமியைக் கண்டுபிடித்ததுபோலக் கதைத்தார்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. ஒருநாள் காலையில் கீழே போனவர் பாதிப் படியில் நின்று கூப்பிட்டார்.

"இஞ்சேரும், கீழை தண்ணி நிக்குது."

"நிக்குதோ, வருகுதோ?"

அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வருகுது."

கணுக்கால் அளவு வந்தது. பிறகு தொடையளவு. கதிரை மிதந்தது. பெட்டகம் மிதக்கவில்லை, அதை மேலே ஏற்ற அயலில் நாலு பேரைக் கூப்பிட்டதில் செய்தி ஊர் முழுக்கப் பரவியது. புத்தூர்ப் பக்கம் நிலாவரை என்று ஓர் அடிகாணாத கிணறு இருக்கிறது. நிலவறை கட்டிய எங்கள் வீட்டுக்கு 'சின்ன நிலாவரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சந்தையில் என்னைப் பார்த்து ஒருத்தி, "உங்கடை நிலாவரையிலை அடி தெரியுதோ?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

சீமெந்து வாங்க வழியில்லை. இருந்த காசெல்லாம் வீடு கட்டியதோடு கரைந்துபோயிருந்தது. ஆகையால் தண்ணீரை இறைத்து இறைத்து, சுண்ணாம்பில் பனங்கட்டித் தண்ணீர் சேர்த்துச் சுவரெல்லாம் பூசினார். தண்ணீர் நிற்கவில்லை, எறும்பு வந்தது. பிறகு குளத்துக் களிமண்ணைக் கொண்டுவந்து அப்பினார். அதுவரை தெளிந்த தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து கலங்கிய தண்ணீர் வந்தது. தவளைகளும் குடிவந்துவிட்டன. பாட்டுக் கேட்கக் கிராமபோன் தேவைப்படவில்லை.

கடைசியில் வண்டி பிடித்துத் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனிடம் போனார். திருநீறு கொண்டுவந்து படியில் நின்று பயபக்தியாகத் தூவினார். அன்று கொட்டிய மழையில் தண்ணீர் இன்னும் ஒரு படி ஏறியது.

"முருகனுக்கு மலை தெரியும், கடல் தெரியும். நிலவறை தெரியாது போலை" என்றேன்.

மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

பக்கத்து வளவில் அவருக்குத் தம்பி முறையானவர் ஒருவர் புகையிலைத் தோட்டம் செய்துகொண்டிருந்தார். நாலாம் நாள் அவர் இரக்கப்பட்டு வாளியோடு வந்தார். இருவரும் விடியத் தொடங்கி மத்தியானம் வரை இறைத்தார்கள். நிலம் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பழைய அளவில் நிற்கிறது.

தம்பியார் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். "அண்ணை, என்ரை கிணத்தை எட்டிப் பாத்தனீங்களோ? உதிலை நிக்கிற மட்டத்திலைதான் அதிலையும் நிக்குது. உது சுவராலை வரேல்லை. ஊர்த் தண்ணி முழுக்கக் கீழாலை வருகுது. ஊரை இறைச்சு முடிப்பியளோ?"

என் கணவர் ஈரச் சட்டையோடு படியில் இருந்துகொண்டு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போன அன்று ஈப்போவிலும் இப்படித்தான் இருந்தார். அதைக் கண்டபிறகு எனக்குப் பகிடி வரவில்லை.

"தண்ணியைக் கீழை இறக்கேலாட்டில் நிலத்தை மேலை ஏத்துவம்" என்றேன்.

தோட்டக்காரருக்குக் கல் ஒரு பெரிய தலையிடி. மண்ணைக் கொத்தக் கொத்தக் கிளம்பும். வேலியோரம் குவித்து வைத்துவிட்டு எங்கே கொட்டுவதென்று தெரியாமல் இருப்பார்கள். தை கழிந்து தண்ணீர் வடிந்ததும், எங்கள் வீட்டில் கல் போடலாம் என்று சொல்லிவிட்டேன். ஊரே திரண்டு வந்தது. அத்தனை பேரை என் கல்யாணத்துக்கும் காணவில்லை. பனையோலைக் கடகம் கடகமாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். இவர் முதல் நாள் விறாந்தையில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். இரண்டாம் நாள் சட்டையைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கி, ஒவ்வொரு கல்லாக எடுத்துச் சமனாக அடுக்கினார். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஒரு சாண் மேலே வந்ததும், மேலே மண் பரவி இடித்து, சாணகம் போட்டு மெழுகினேன்.

எட்டடி நிலவறை நாலடி ஆனது. ஆறடி மனிதர் அதற்குள் தவழ்ந்துதான் போகவேண்டும்.

அடுத்த மாரி சரியான மாரி. கிணறுகளிலெல்லாம் தண்ணீர் போன வருடத்துக் கோடுவரை ஏறி நின்றது. ஒவ்வொரு நாள் காலையிலும் இவர் தவழ்ந்து உள்ளே போய், நிலத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, வெளியே தலையை நீட்டுவார்.

"காய்ஞ்சு கிடக்குது."

"அப்ப இனித் துரையைக் கூப்பிட்டுக் காட்டுங்கோவன்."

"அவருக்கு முழங்கால் வருத்தம்" என்றார், சிரிக்காமல்.

கார்த்திகையில் நான் பூசணிக்காய்களை அங்கே அடுக்கினேன். ஒன்றுகூட அழுகவில்லை.