சாவுக்கு மட்டும்தான் லீவு

எங்கள் கல்லூரியில் பட்டம் வாங்குவதற்குப் படித்தால் மட்டும் போதாது. பாடமெல்லாம் பாஸாக வேண்டும், வகுப்புக்கு முக்கால்வாசி நாளாவது வந்திருக்க வேண்டும், சமூகப் பணி என்று தெருவைப் பெருக்கியோ மரம் நட்டோ மணிக்கணக்குக் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, அதுதான் என் தலையில் விடிந்தது. விடுதியில் படுத்துத் தூங்க வேண்டும். ஒரு செமஸ்டருக்கு இத்தனை ராத்திரிதான் வெளியே தங்கலாம் என்று வரம்பு. தாண்டினால், முதல் மார்க் வாங்கியவளானாலும் இன்னொரு செமஸ்டர் விடுதியில் தங்கிய பிறகுதான் பட்டம். கல்லூரியை ஆரம்பித்த அம்மையார், 'சேர்ந்து வாழ்வதும் ஒரு படிப்பு' என்று எழுதி வைத்துவிட்டுப் புண்ணியமாகப் போய்ச் சேர்ந்தார். மணலி புதுநகரில் கொசுவோடும் கம்பெனி நாற்றத்தோடும் சேர்ந்து வாழ்வது நாங்கள்தான்.

நான் டோரதி, ராயபுரத்துக்காரி, இந்த விடுதியின் வார்டன். சாயங்காலம் ஆறுக்குக் கேட்டைப் பூட்டி, மாடியேறி, கட்டில் கட்டிலாகத் தலையை எண்ணுவது என் வேலை. முட்டி இரண்டும் போய்விட்டன. என் வீட்டுக்காரர் வால்டர், "போதும் டோரா, வுட்டுட்டு வா" என்கிறார். விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து இவர் முகத்தைப் பார்ப்பதற்கு மாடிப்படியே தேவலை.

நர்மதா எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குப்பத்துப் பெண். அப்பா ஜெகதீசனுக்குச் சின்ன ஃபைபர் படகு. அம்மா முத்தம்மா மீன் விற்பவள். ஒரே பிள்ளை. கெமிஸ்ட்ரியில் கெட்டிக்காரி. மணலியில் ஒரு கம்பெனி லேபில், டிகிரியோடு வந்தால் வேலை என்று சொல்லியிருந்தார்கள். அந்த வேலை மேல் அப்படி என்னடி ஆசை என்று ஒருநாள் கேட்டேன்.

"காலைல போனா சாய்ந்தரம் வரலாம் மிஸ். எனுக்கு அது போதும். எங்கம்மா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கடலப் பாத்துகினே ஒக்காந்துகீது. அப்பா வருமா வராதான்னு. என்னால அந்தப் பேஜாரு முடியாது."

ஆனால் அவள் மூன்று வருஷமும் அதைத்தான் செய்தாள். அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். யாராவது கடலில் காணாமல் போனால், ஆண்களெல்லாம் தேடப் போவார்கள். ஆள் கரைக்கு வந்து சேரும்வரை, உயிரோ உடம்போ, பெண்களெல்லாம் மணலில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது ஊருக்கே மனப்பாடம். இன்றைக்கு அவர்களுக்காக நாம் உட்காராவிட்டால் நாளைக்கு நமக்கு யார் உட்காருவார்? எனவே குப்பத்திலிருந்து போன் வந்தால் நர்மதா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"யார்டி?" என்பேன்.

"சித்தப்பா மிஸ்."

எங்கள் பிரின்சிபால் டெபோரா மேடம் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"உனக்கு எத்தனை சித்தப்பா நர்மதா? வருஷத்துக்கு வருஷம் ஒருத்தர் சாகிறாரே!"

"எங்க அப்பாவுக்குச் சின்னவங்க எல்லாருமே சித்தப்பாதான் மேடம்."

"கூடப் பிறந்தவங்களா?"

"இல்ல மேடம். கூடக் கடலுக்குப் போறவங்க."

மேடம் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாவு லீவு வரம்பில் சேராது. ஆனால் அது அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு மட்டும்தான். சித்தப்பாக்களுக்குப் போன ராத்திரியெல்லாம் வரம்பிலேயே கழிந்தது. கடைசி செமஸ்டரில், மாசி பிறப்பதற்குள் அவள் பங்கு தீர்ந்துபோனது. "இனி ஒரு ராத்திரி வெளியே தங்கினாலும் பட்டம் நிற்கும்" என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

பங்குனியில் ஒரு மத்தியானம், பிள்ளைகள் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது முத்தம்மா என் போனுக்குக் கூப்பிட்டாள்.

"டீச்சரம்மா, முந்தா நேத்து எங்க வூட்டுக்காரரு போன படகு இன்னும் வரல. பொண்ணாண்ட சொல்லுங்கோ." அவ்வளவுதான். அழவில்லை.

நர்மதாவை அழைத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனேன். மேடம் நல்லவர், பொய் சொல்ல மாட்டேன். எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார்.

"காணாமல் போனதுக்கு விதியில் லீவு கிடையாதும்மா. சாவுக்கு உண்டு. அப்பா தவறிட்டார்னு ஒரு வார்த்தை சொல்லு. எத்தனை நாளானாலும் சாவு லீவில் போட்டுக்கிறேன். யாரும் கேட்க மாட்டாங்க."

நர்மதா மாட்டேன் என்று தலையாட்டினாள். "கரைக்கு வர்ற வரைக்கும் அந்த வார்த்தைய எங்க ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க மேடம்."

"இது உங்க ஊர் இல்லையே."

"நான் அந்த ஊர்தானே மேடம்."

வராந்தாவுக்கு வந்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சொல்லிட்டுப் போயேன்டி! மூணு வருஷப் படிப்பு! ஒரு வார்த்த சொன்னா வாயி தேஞ்சா பூடும்?"

"தேயாது மிஸ். ஆனா எங்கம்மா தலையில பூ வெச்சிகினு ஒக்காந்துகீது. நா எப்புடி சொல்லுவேன்?"

நானே கேட்டைத் திறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் ஊர்ந்து எண்ணூர் போய்ச் சேர்ந்தேன். மணலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. முத்தம்மா தலையில் வாடிய கனகாம்பரம். அவள் முதுகுக்குத் தன் முதுகைக் கொடுத்து ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் செங்கொடி, போன ஐப்பசியில் செத்த 'சித்தப்பா'வின் பெண்டாட்டி.

"எம் புருசனுக்கு இந்தப் பொண்ணு நாலு நாள் இங்க ஒக்காந்துச்சு டீச்சர்," என்றாள் செங்கொடி. "நா எப்புடி எந்திரிச்சிப் போவேன்?"

நர்மதா மடியில் கெமிஸ்ட்ரி புத்தகம் விரித்தபடி கிடந்தது. மணல்தான் படித்துக்கொண்டிருந்தது. நானும் முட்டி வலியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு எழ முடியாமல் நாலு பேர் தூக்கிவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஜெகதீசன் வந்தார். உயிரோடு! என்ஜின் நின்றுபோய், படகு வடக்கே இழுத்துக்கொண்டு போய், நெல்லூர்ப் பக்கத்து மீனவர்கள் கண்டு கட்டி இழுத்திருக்கிறார்கள். உதடெல்லாம் வெடித்து, கருவாடாக வந்து இறங்கினாராம். குப்பம் முழுக்கப் பட்டாசு. செய்தி கேட்டு நான் ராயபுரம் கோயிலுக்கு ஓடிப்போய் மெழுகுவர்த்தி ஏற்றி, யாரைப் பற்றியும் வெட்கப்படாமல் அழுதேன்.

நர்மதா திரும்பி வந்து பரீட்சை எழுதினாள். முதல் வகுப்பு. பட்டம் வாங்குகிறவர்கள் பெயரை அறிவித்தபோது அவள் பெயர் இல்லை. நான் நேராக மேடம் அறைக்குள் போனேன்.

"சாவு நடக்கலையே டோரதி," என்றார் மேடம். "உயிரோட வந்த ஆளுக்கு நான் எந்த விதியில் லீவு போடுறது?"

"அப்போ அவர மறுபடி கடலுக்குப் போயி மூழ்கிட்டு வரச் சொல்லட்டா மேடம்?"

"கோபப்படாதீங்க."

"சேர்ந்து வாழுறதும் ஒரு படிப்புன்னு எழுதி வெச்சாங்களே, அத்தத்தானே அந்தப் பொண்ணு மணல்ல ஒக்காந்து பண்ணிச்சு?"

மேடம் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார். "நான் அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டேன். சொல்லியிருந்தா நான் பாத்துக்கிட்டிருப்பேன். கமிட்டியில் எவ்வளவோ பேசிப் பார்த்தேன் டோரதி. இதே விதியில் முன்னாடி பட்டம் நின்ன பிள்ளைங்க இருக்காங்க. அவங்களுக்கு என்ன பதில்னு கேட்கிறாங்க." அவர் குரலிலும் தெம்பில்லை. எனக்கும் அதற்கு மேல் கத்தத் தெம்பில்லை.

லேப் வேலை வேறு பெண்ணுக்குப் போனது. ஆனி மாதம் கல்லூரி திறந்தது. நர்மதாவுக்குப் படிக்கப் பாடம் எதுவும் இல்லை. பகலில் அம்மாவோடு மீன் விற்க வேண்டியது, ஆறு மணிக்குள் விடுதிக்கு வந்து படுக்க வேண்டியது, விடிந்தால் போக வேண்டியது. பட்டத்துக்கு அது ஒன்றுதான் பாக்கி.

முதல் நாள் சாயங்காலம் அவளை ஜெகதீசன் கொண்டுவந்து விட்டார். தோளில் பெட்டி, கையில் பிளாஸ்டிக் வாளி. பெட்டியை இறக்காமலேயே என்னிடம் கேட்டார்.

"டீச்சரம்மா, தப்பா நெனச்சிக்காதீங்கோ. நா பொணமா கரை ஒதுங்கியிருந்தா, எம் பொண்ணு இந்நேரம் பட்டம் வாங்கினு வேலைக்குப் போயிருக்கும். கரீட்டா?"

பொய் சொல்ல நா எழவில்லை. "ஆமாங்க" என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "அப்போ உன்ன நாந்தாம்மா ஃபெயிலாக்கிட்டேன்," என்று மகளைப் பார்த்துச் சொன்னார்.

நர்மதாவுக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். "இன்னா நைனா பேசிகினு கீற?" என்று பெட்டியை அவர் தோளிலிருந்து பிடுங்கினாள். "தூங்கணும், அவ்ளோதானே? அத்தினி நாளு நீ வருவியான்னு முழிச்சிகினு கெடந்தேன். இப்போ நீ வூட்ல கீற. நிம்மதியாத் தூங்கிக்கிறேன். நீ போயி சாப்டு, அம்மா காத்துகினு இருக்கும்."

அவர் தெருமுனை திரும்பும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு கேட்டைப் பூட்டினேன். மாடியேறித் தலை எண்ணப் போனபோது, படுக்கை மணி அடிப்பதற்கு முன்பே அவள் கை கால் பரப்பித் தூங்கியிருந்தாள். விரல் நகத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது. எழுப்பாமல் கொசுவலையை இழுத்துவிட்டு, அவள் கட்டிலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.