மாமா இறங்கிய மடு

"நாளைக்குக் காலையில மடுவுல இறங்கப் போறேன்," என்றார் மாமா. சோளக்களியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அத்தை சிரித்துவிட்டாள். "தலைக்கு ஊத்துனாலே மூச்சு முட்டுற ஆளு! எதுக்காம்?"

"மடுவுக்கடியில குடியிருக்குற மடுக்காரி இழுத்துட்டுப் போனவங்க எல்லாம் பெரிய வைத்தியராத்தானே திரும்பி வந்தாங்க? நானும் வருவேன்."

"அவளா இழுக்கணும் மாமா. நாமளா போய் நிக்கக் கூடாது," என்றேன்.

"பாரு, ரெண்டு பாஷை படிச்ச பொண்ணு! ரெண்டுலயும் வேணாம்னுதான் சொல்லத் தெரியுது."

என் அண்ணன் தாபெரா சொன்னான்: "சிவப்புச் சட்டையையாவது கழட்டிட்டுப் போங்க மாமா. அவளுக்குச் சிவப்பு ஆகாது."

"இது என் ராசிச் சட்டைடா."

"அப்ப இடுப்புல கயிறு கட்டிக்கங்க. நான் பிடிச்சுக்கிறேன்."



மாமா முச்சாதெய் ஹோண்டே பள்ளத்தாக்கில் மாவு மில் ஓட்டினார். ஐம்பத்திரண்டு வயதுவரை பெரிய காரியம் எதுவும் தனக்கு வாய்க்கவில்லை என்ற குறை அவருக்கு. மில்லில் காத்திருக்கும் பெண்களிடம், கையில் இல்லாத ஈட்டியை ஓங்கி, தான் செய்யாத சாகசங்களைச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மறுநாள் நடந்ததை மடுவின் காவலர் சிவேரெதான் சொன்னார். மாமா அதைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

சிவேரெ வழியை மறித்திருக்கிறார். "இன்னைக்கு வேணாம்யா. தண்ணி மேல நாணல் பாய் மிதக்குது. அவ வீட்டுல இருக்கா."

"எனக்குத்தான் விரிச்சிருக்கா," என்றாராம் மாமா.

தினமும் அங்கே நீர் குடிக்கும் குரங்குகள் அன்று பாறையை விட்டு இறங்கவில்லை. அதைக் காட்டியதற்கு, "எனக்கு வழி விடுது," என்றாராம்.

குதித்தார். கயிறு பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது. அண்ணன் இழுத்துப் பார்த்தான், வரவில்லை. கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு அவனும் குதித்தான். கொஞ்ச நேரத்தில் மாமா முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, எதிர்க்கரையில் இருமியபடி ஏறினார். அண்ணன் ஏறவில்லை. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை.

நான்காம் நாள் ஊர்ப் பெண்கள் வாசலில் கூடினார்கள். அம்மா ஒப்பாரி வைத்திருப்பாள். வைக்க விடாதவள் நான். மாமாவின் சொல்லை அவளிடம் கொண்டுபோனதும் நான்தான். பதினாலு மாதமாகிறது. அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அண்ணனின் தட்டைக் கழுவி வைக்கிறாள். கல்லறை இல்லை, சடங்கு இல்லை. மாமா மட்டும் மில்லில், "எங்க பையன் மடுக்காரிகிட்ட வைத்தியம் படிக்கிறான்," என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த நான்காம் நாள், பெண்கள் வாசலில் இருக்கும்போதே, மாமா அடுக்களைக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஷூவாய், நீ சொன்னாத்தான் அக்கா கேக்கும். அழ வேணாம்னு சொல்லும்மா. வீட்டுல ஒருத்தர் அழுதாலும் மடுக்காரி அவனைத் திருப்பி விடமாட்டா. நீயும் அழுதுடாத."