டீசல் பில்லும் டிக்கெட்டுதான்

பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிறவனுக்கு இரண்டு வாய் வேண்டும். ஒன்று "ஜீரோ பாத்துக்கோங்க" என்று சொல்ல, இன்னொன்று விலை ஏறியதற்கு மன்னிப்புக் கேட்க.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் இருந்த ஒரு பங்க்கில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். விலை ஏறும்போதெல்லாம் பங்க்காரனைத் திட்டியவர் நீங்கள் என்றால், அந்தத் திட்டை வாங்கியவன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே இடத்தில் அடிபட்டவர்கள். ஏற்றுகிறவர்கள் டெல்லியிலும் மெட்ராஸிலும் சௌகரியமாக இருப்பார்கள். குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் முன்னால் நிற்பது நாங்கள்.

முதல் தடவை விலை பெரிதாக ஏறியபோது தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டாம் தடவைக்கு ஒரு வசனம் தயார் செய்து வைத்துக்கொண்டேன். "இந்த விலையில ஒரு பங்கு வரிங்க. அந்த வரியிலதான் ரோடு போடறாங்க, பஸ் விடறாங்க. நீங்க ஊத்தற ஒவ்வொரு லிட்டர்லயும் யாரோ ஒருத்தரு பஸ்ல போறாங்கன்னு நெனச்சுக்கோங்க." சொல்லச் சொல்ல எனக்கே அது பிடித்துப்போயிற்று. சம்பளம் இல்லாமலே சர்க்காருக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்தேன். வாடிக்கைக்காரர்கள் எனக்கு "நிதி மந்திரி" என்று பெயர் வைத்தார்கள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

முதலாளி பஸ் ஏறினார்

வரியைப் பலமாக எதிர்த்தவர் ஓர் அரிசி மில் முதலாளி. வெள்ளை அம்பாசடர் வைத்திருந்தார். டேங்க் நிரம்பி முடியும்வரை கண்ணாடியை இறக்கிவிட்டுச் சண்டை போடுவார். "நான் பஸ்ல ஏறி இருபது வருஷம் ஆச்சுய்யா. எவனோ ஏறிப் போறதுக்கு நான் ஏன் குடுக்கணும்? ஏறறவன்கிட்ட டிக்கெட்ல வாங்கிக்க வேண்டியதுதானே?" என்பார். "உங்க மில்லுல நெல்லு அவிக்க வர்றவங்க எதுலங்க வர்றாங்க?" என்று நான் மடக்கினேன். "வந்தா கூலி குடுக்கறேன். பஸ்ஸும் நானே குடுக்கணுமா?" என்றார். அன்றைக்கு அவர்தான் ஜெயித்தார், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று, போளூர் போய்விட்டுத் திரும்பியவரின் காரைப் போலீஸ்காரர்கள் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு மட்டும்தான் வழி. மனைவியையும் மாமியாரையும் எப்படியோ உள்ளே தள்ளிவிட்டு, தான் படிக்கட்டில் ஒற்றைக் காலை ஊன்றித் தொங்கிக்கொண்டே மனிதர் வந்து சேர்ந்தார். இரண்டு நாள் கழித்துப் பங்க்குக்கு வந்தார். விலையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. பில்லை மடித்துப் பையில் வைத்தபடி என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன்யா மந்திரி, இவ்ளோ வரி வாங்கறீங்களே, பஸ்ஸை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா விட்டா இன்னா?"

காற்று வாங்க வந்த வாத்தியார்

எங்கள் பங்க்கில் காசில்லாமல் கிடைத்தது காற்று ஒன்றுதான். அதைத் தவறாமல் வாங்கியவர் ஒரு வாத்தியார். பங்க்கை ஒட்டிப் பிரியும் கப்பி ரோட்டில் நாலு மைல் உள்ளே போனால் ஒரு கிராமம். அங்கே எட்டாவது வரைக்கும் இருந்த பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலை. தினமும் சைக்கிளில் போய் வருவார். அந்த ரோட்டுக்கு எந்த டயரும் தாங்காது. சாயங்காலம் பங்க்கில் காற்றடிக்கும்போது என் கட்சியில் சேர்ந்து வாதாடுவார். "வரின்னா இதுதான்யா வரி. பெரிய வண்டி ஜாஸ்தி குடிக்கும், ஜாஸ்தி கட்டும். சின்ன வண்டி கம்மியா குடிக்கும், கம்மியா கட்டும். இதைவிட நியாயம் எங்க இருக்குது?"

ஒரு நாள் ஸ்கூட்டரில் வந்த ஒருவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஒரு பைசா கட்டாதவரு நியாயம் பேசறாரு பாரு!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வாத்தியார் அசரவில்லை. காற்றுக் குழாயைக் கழற்றி ஒழுங்காக மாட்டினார், வேட்டியை மடித்துக் கட்டினார், பிறகு சொன்னார்: "தினம் எட்டு மைலு மிதிச்சு மூச்சு வாங்கிக் கட்டறேன் சார். அந்த ஊருக்கு ஒரு பஸ் விடச் சொல்லுங்க, டிக்கெட்லயே கட்டிட்டுப் போறேன்."

போட்டிக்கு டீசல்

ஒரே ஒரு தனியார் பஸ் வைத்திருந்த ஒருவர் எங்களிடம்தான் டீசல் போடுவார். அவர் ரூட்டிலேயே சர்க்கார் பஸ் ஒன்றைப் புதிதாக விட்டார்கள், அதுவும் அவர் வண்டிக்கு ஐந்து நிமிஷம் முன்னால். அவரிடம் என் வசனத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. வாய் சும்மா இருந்தால்தானே! வரியில் பஸ் விடுகிறார்கள் என்று நான் ஆரம்பித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு பம்ப் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் போறானே, அவன் வண்டிக்கும் நான்தான் டீசல் ஊத்தறேனா?"

ரோட்டுக்கே வராத இன்ஜின்

போர்டில் டீசல் என்று எழுதியிருக்கும். தகர டின்னோடு வரும் விவசாயிகளுக்கு அது குருடாயில்தான். அவர்களில் குப்பம்மாள் என்று ஓர் அம்மா. வாத்தியார் வேலை பார்த்த அதே கிராமம். கிணற்றில் ஆயில் இன்ஜின் வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார். புருஷன் மாட்டையும் ஏரையும் பார்த்துக்கொள்ள, இன்ஜினுக்குத் தீனி வாங்குவது இந்த அம்மாவின் பொறுப்பு. நாலு மைல் நடந்து வந்து, பத்து லிட்டர் டின்னைத் தலையில் தூக்கிக்கொண்டு நாலு மைல் திரும்பி நடப்பார்.

ஒரு நாள் மில் முதலாளியிடம் நான் என் வசனத்தைக் கச்சேரி மாதிரி பாடிக்கொண்டிருந்தேன். பின்னால் குப்பம்மாள் டின்னோடு நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். முறை வந்ததும், "இன்னாங்க, இந்தக் குருடாயில்லயும் அந்த பஸ்ஸு வரி கீதா?" என்றார். "இருக்குதும்மா, லிட்டருக்கு லிட்டர் இருக்குது" என்றேன், ஏதோ நல்ல சேதி சொல்கிறவன் மாதிரி. அந்த அம்மா கோபப்படவில்லை. டின் மூடியை இறுக்கித் திருகினார். சும்மாட்டைச் சரிசெய்தார். "என் இன்ஜினு ரோட்டுக்கே வர்றதில்லீங்க, கெணத்து மேட்டுல குந்திக்கினு கீது. எங்க ஊருக்கு பஸ்ஸும் வர்றதில்ல. அப்ப நான் யாருக்குங்க கட்டறேன்?"

எட்டாவது பாஸ்

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் டின்னை இறக்கி வைக்கும்போதே, "இன்னாங்க, என் பஸ்ஸு வந்துச்சா?" என்று கேட்பார். கிண்டலாகத்தான் கேட்டார். நானும் "கெளம்பிடுச்சும்மா, வழியில கீது" என்று சிரித்துச் சமாளித்தேன். இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினோம்.

மூன்றாம் வருஷம் கோடையில் வந்தபோது குரலில் கிண்டல் இல்லை. மகள் செல்வி எட்டாவது பாஸ் செய்துவிட்டாள். வாத்தியார் வாய் நிறையப் புகழ்ந்த பெண். மேலே படிக்க டவுனுக்குத்தான் வர வேண்டும். வயசுப் பெண் நாலு மைல் கரும்புக்கொல்லை வழியே தனியாக நடக்கக் கூடாது என்று தகப்பனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குப்பம்மாளின் சொந்தத் தம்பியே தாய்மாமன் உரிமையோடு பெண் கேட்டுக்கொண்டிருந்தான். வழியில் இருக்கிறது, வழியில் இருக்கிறது என்று இரண்டு வருஷமாக நான் சொன்ன பஸ்ஸை நம்பித்தானோ என்னவோ, அந்த அம்மா கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். "ஆடி முடியற வரைக்கும் பொறுத்துக்கடான்னு தம்பிகிட்ட சொல்லிட்டேங்க. அதுக்குள்ள உங்க பஸ்ஸு வந்தா அவ படிப்பா, வரலன்னா அவனுக்குப் பொண்டாட்டி."

எடுத்து வைத்த டிக்கெட்

வாத்தியாரைப் பிடித்து மனு எழுதினேன். ஊர்க்காரர்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். மில் முதலாளி, "நான் அதுல ஏறப்போறதில்ல, தெரிஞ்சுக்க" என்று சொல்லிக்கொண்டே பெரிய கையெழுத்தாகப் போட்டார். நானும் வாத்தியாரும் குப்பம்மாளும் பஸ் டெப்போ அதிகாரியைப் பார்க்கப் போனோம். அவர் ஸ்கூட்டருக்கு எங்கள் பங்க்கில்தான் பெட்ரோல் போடுவார் என்பதால் எனக்கு அசாத்தியத் தைரியம். டீசல் வரி, கிராமத்தின் பங்கு, நியாயம் என்று பொழிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெட்ரோல் வரி எல்லாம் கஜானாவுக்குப் போகுது சார். அங்கேருந்து எந்தப் பைசா எந்த பஸ்ஸுக்கு வருதுன்னு எனக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ரூட்ல கலெக்‌ஷன் கம்மியா இருக்கும். அதைத்தான் நான் பாக்கணும்" என்றார். இத்தனை வருஷம் நான் மேடை போட்டுப் பேசியதில் பாதி என் சொந்தச் சரக்கு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வாத்தியார் என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அப்போது குப்பம்மாள் மடியிலிருந்து ஒரு கம்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூன்று வருஷமாக நான் போட்டுக் கொடுத்த டீசல் பில்கள் அத்தனையும் அதில் வரிசையாகக் குத்தியிருந்தன. எண்ணெய் ஊறிப் போயிருந்தாலும் எல்லாவற்றிலும் என் கையெழுத்து தெரிந்தது. அதிகாரி ஒன்றிரண்டைப் புரட்டிப் பார்த்தார். "இதெல்லாம் டீசல் பில்லும்மா, பஸ் டிக்கெட் இல்ல" என்றார். குப்பம்மாள் என்னைக் கையால் காட்டிவிட்டு அவரிடம் சொன்னார்: "இவரு சொல்லித்தாங்க வாங்கினேன். டிக்கெட்டு எடுத்தாச்சு, பஸ்ஸுதான் இன்னும் வரல."

பஸ் வந்த நாள்

அதிகாரி சிரித்தாரா, வெட்கப்பட்டாரா, இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது, பஸ் வரவில்லை. தினமும் காலையில் குப்பம்மாள் மகளோடு நடந்து வந்து, பங்க்வரை விட்டுவிட்டுத் திரும்புவார். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்க மாட்டார். அதற்குப் பழையபடி கிண்டலாகக் கேட்டிருந்தாலே தேவலை. ஆடி பிறந்து நாலாம் நாள் கப்பி ரோட்டில் புழுதி கிளம்பியது. முன்கண்ணாடியில் மாலை போட்டு, மஞ்சள் தடவிக்கொண்டு ஒரு சர்க்கார் பஸ் குலுங்கிக் குலுங்கி வந்தது. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்பதாக உத்தரவு. ஜன்னலோரம் செல்வி, பக்கத்தில் மடியில் காலி டின்னோடு குப்பம்மாள். பில் புத்தகத்தைப் போட்டுவிட்டு ரோட்டுக்கே ஓடிப் போய்க் கையசைத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்.

டவுனில் வேலையை முடித்துக்கொண்டு, மாலையில் குப்பம்மாள் பங்க்குக்கு வந்து டின்னை நிரப்பினார். எதிரே பஸ் வந்து நின்றது. செல்வி முன்னமே பஸ்ஸில் இருந்தாள். அந்த அம்மா டின்னோடு படியில் கால் வைத்ததும் கண்டக்டர் தடுத்தார். "யம்மா, டீசல் டின்னெல்லாம் பஸ்ல ஏத்தக் கூடாது. தீப்பிடிக்கும்." நான் பாய்ந்து போனேன். "யோவ், இந்த பஸ்ஸே இந்த அம்மாவாலதான்யா வந்துது! அந்த டின்னாலதான்யா வந்துது!" கண்டக்டர் என் முதுகுக்குப் பின்னால் பங்க் சுவரைக் காட்டினார். அங்கே நானே பெயிண்ட் அடித்த எழுத்தில், "தீப்பற்றும் பொருள், எச்சரிக்கை" என்று இருந்தது.

டின்னை இங்கே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். இன்ஜின் காய்ந்து கிடக்கிறது, இன்றைக்கே தண்ணீர் இறைக்காவிட்டால் மல்லாட்டை போய்விடும் என்றார். செல்வி பையைத் தூக்கிக்கொண்டு, "நானும் எறங்கி உன்கூட நடக்கறேம்மா" என்று எழுந்தாள். குப்பம்மாள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, டின்னை அதன்மேல் ஏற்றிக்கொண்டு, மகளைப் பார்த்து ஓர் அதட்டல் போட்டார். அதே மூச்சில் என் பக்கம் திரும்பினார். "எழுந்தியானா காலை ஒடிப்பேன், குந்துடி உள்ள! பஸ்ஸு குருடாயிலு குடிச்சிட்டு ஓடட்டும், நான் கூழு குடிச்சிட்டு நடக்கறேன். இன்னாங்க மந்திரி, கூழுக்கு இன்னும் வரி போடலியே?"

மூன்று மாதத்துக்கு என்று வந்த அந்த பஸ் செல்வி பள்ளிக்கூடம் முடித்த பிறகும் ஓடிக்கொண்டிருந்ததால், எரிபொருள் வரி நியாயமா என்று யார் கேட்டாலும் நியாயம்தான் என்று இன்றும் அடித்துச் சொல்வேன், சொல்வதற்கு முன்னால் யாராவது டின்னோடு பின்னால் நிற்கிறார்களா என்று மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.