காலரில் பதிந்த களிமண் கை

போன வருஷம் சித்திரை மாதம், கறம்பக்குடி பக்கத்தில் ஒரு செங்கல் சூளையில் நடந்தது இது. காலை பத்து மணி இருக்கும். இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. கொஞ்சம் முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது வருஷம் துபாயில் டிப்பர் லாரி ஓட்டியவன் நான். அங்கே எந்நேரமும் காய்ந்த மணல்தான் லோடு. தொட்டியைத் தூக்கினால் தண்ணீர் மாதிரி வழிந்து ஓடிவிடும். "சம்பாதிச்சது போதும், ஊருக்கு வந்துருங்க" என்று மனைவி போனில் அழுத அழுகையில் திரும்பி வந்து, ஒரு டிராக்டரும் அதன் பின்னால் மாட்ட டிப்பர் டிரெய்லரும் வாங்கினேன். லிவரைத் தட்டினால் தொட்டி தானாக எழும்பி மண்ணைக் கொட்டிவிடும். புத்தம் புது சிவப்புப் பெயின்ட். நான் பார்க்காத லோடா என்று எனக்கு ஒரே மிதப்பு.

வண்டி எடுத்த ஆறாம் நாள், கண்மாயில் அள்ளும் களிமண்ணைச் சூளைக்குக் கொண்டுபோகும் வேலை வந்தது. முந்தின நாள் கோடை மழை வெளுத்து வாங்கியிருந்ததால் மண் அல்வா பதத்தில் இருந்தது. ஜேசிபிக்காரர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "அடியில எதுவும் தூவலையாண்ணே?" என்று கேட்டார். "நீங்க அள்ளிப் போடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று பெரிய ஆள் மாதிரி சொன்னேன்.

சூளையில் பெண்கள் களிமண்ணை அச்சில் அடித்துக் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மழையில் கரைந்துபோன, இன்னும் சுடாத பச்சைக் கல்லையெல்லாம் ஒதுக்கிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்கள். நான் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தி, பக்கத்தில் அடுக்கியிருந்த செங்கல் மேல் செல்போனைச் சாய்த்து வீடியோவை ஓடவிட்டேன். ஸ்டேட்டஸ் போட வேண்டாமா?

தொட்டி எழும்பியது. பாதி, முக்கால், முழுசாகவே எழும்பிவிட்டது. மண் மட்டும் அசையவில்லை. அத்தனை லோடும் தொட்டியோடு ஒட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறது. லிவரை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். வண்டியை முன்னால் எடுத்து வெடுக்கென்று பிரேக் போட்டேன். டிராக்டரின் முன்சக்கரம் ஒரு சாண் மேலே எழும்பி டமாரென்று இறங்கியது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், ரோஷம்தான் வந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போய், கீழே நின்று மண்ணைக் குத்த ஆரம்பித்தேன்.

கல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சத்தம் போட்டார். என் வயதுதான் இருக்கும். "அண்ணே, அங்கிட்டு நிக்காதீங்க, ஓரத்துல கோடு விட்டுருச்சு!"

என்ன கோடு, எந்த ஓரம், எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத எரிச்சலில், "நீ ஒன் வேலையப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குத்தினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அடுத்து யாரோ பின்னாலிருந்து என் காலரைப் பிடித்து இழுத்தார்கள். மல்லாக்க விழுந்தேன். விழுந்த அதே நேரத்தில் மொத்த லோடும் ஒரே பாளமாகக் கழன்று இறங்கியது. தரை அதிர்ந்தது, தொட்டியின் பின்கதவு படீரென்று அடித்தது. நான் நின்ற இடத்தில் என் மார்பு உயரத்துக்கு மண். கடப்பாரையும் ஒரு கால் செருப்பும் அதற்குள்ளே போய்விட்டன.

ஒன்பது வருஷம் பாலைவனத்தில் ஒரு கீறல் இல்லாமல் வண்டி ஓட்டிவிட்டு, பிள்ளை முகத்தைப் பார்க்க ஊருக்கு வந்தவன், கண்மாய் மண்ணுக்கு அடியில் போயிருப்பேன்.

என்னை இழுத்துப் போட்ட அந்தப் பெண்தான் எனக்குத் தண்ணீரும் கொடுத்தார். பிறகு தன்னுடைய மர அச்சை எடுத்துக் காட்டினார். அச்சுக்குள் காய்ந்த மணலைத் தூவி, களிமண்ணை அறைந்து நிரப்பி, மட்டமாக வழித்துக் கவிழ்த்தார். கல் அலுங்காமல் தரையில் உட்கார்ந்தது. "ஒங்க தொட்டியும் பெரிய அச்சுதாண்ணே. மணல் தூவலைன்னா ஈர மண்ணு புடிச்சுக்கிரும். ஓரத்துல கோடு மாதிரி விரிசல் விட்டுச்சுன்னா, உடனே கழண்டுரும்" என்றார். தார்ப்பாய்க்கு அடியில் நனையாமல் வைத்திருந்த மணலில் இரண்டு சாக்கும் கொடுத்தார்.

அடுத்த நடைக்குத் தொட்டியைச் சுத்தமாகச் சுரண்டி, அடியிலும் பக்கத் தகட்டிலும் மணலைத் தூவிவிட்டு மண் ஏற்றினேன். சூளைக்கு வந்து, ஒருத்தரும் பின்னால் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு லிவரைத் தட்டினேன். தொட்டி பாதிகூட எழும்பவில்லை, சரசரவென்று அத்தனையும் வழுக்கி இறங்கியது! தொட்டிக்குள் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சந்தோஷம் தாங்காமல் வண்டியில் நின்றபடியே விசில் அடித்தேன். பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அன்றைக்கு அடித்த எந்த நடையிலும் ஒரு கட்டி மண்கூட ஒட்டவில்லை.

சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றியபோது காலருக்குப் பின்னால் ஐந்து விரலும் களிமண்ணில் பதிந்திருந்தது. "இது யாரு கைங்க?" என்று மனைவி ஒரு மாதிரியாகக் கேட்டாள். போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினேன். பார்த்து முடித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு என்னோடு டிராக்டரில் ஏறினாள். சூளையில் இறங்கி நேரே அந்தப் பெண்ணிடம் போனவள், களிமண் அப்பிய அந்த இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "ஐயையோ, கை பூரா மண்ணு, விடுங்கக்கா" என்று அவர் கூச்சத்தில் நெளிந்தார். என் மனைவி விடவில்லை. இரண்டு பேரும் அழுதார்கள், நான் டிராக்டர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வீடியோவை ஸ்டேட்டஸில் போடவில்லை. ஆனால் இன்றைக்கும் தொட்டியில் மணலை அள்ளித் தூவும்போதெல்லாம், 'நீ ஒன் வேலையப் பாரும்மா' என்று நான் சொன்ன பிறகும் அவர் தன் வேலையைப் போட்டுவிட்டு எனக்காக ஓடி வந்தது நினைவுக்கு வருகிறது. அதற்கப்புறம் அந்த வார்த்தையை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.