அம்மன் கேசட்டின் இரண்டாம் பக்கம்

நம் வகுப்புக்குள் சுற்றும் இந்த நோட்டு டீச்சர் கையில் சிக்கக் கூடாது, தோழிகளே. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

இன்று கோவிலில் கூழ் ஊற்றினார்கள். மைக் செட்காரர் கேட்டாரென்று எங்கள் வீட்டு அம்மன் பாட்டுக் கேசட்டைக் கொடுத்தேன். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டார்.

கிடார் அலறியது. பிறகு என் அண்ணன் குரல்.

"தேவா, மெஷின் ரிப்பேர்னு சொன்னியே, ஓட்டுடான்னு சொன்னது யாரு?"

கம்பெனி மெஷினில் மாட்டிச் செத்துப்போன சிநேகிதன் தேவாவுக்காக அண்ணன் எழுதிய ராக் பாட்டு. அந்தக் கேசட்டில் பதிவு செய்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

அந்த மெஷினை ஓட்டச் சொன்ன சூப்பர்வைசர் சொம்போடு கூழ் வரிசையில் நின்றிருந்தார். அடுத்த மாதம் அண்ணனைப் பெர்மனென்ட் ஆக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே.

"இன்னாய்யா இது, சாமி பாட்டா? நிறுத்து!" என்று கத்தினார்.

தேவாவின் அம்மா குறுக்கே வந்தார். "எம் புள்ள பேரு வருது. முழுசா ஓடட்டும் தம்பி."

முழுசாக ஓடியது. சூப்பர்வைசர் கூழ் வாங்காமலே கிளம்பினார். "உங்க அண்ணன் ஓ.டி. முடிச்சிட்டு வரட்டும், பேசிக்கிறேன்" என்றார் என்னிடம்.

இரவு ஓவர்டைம் முடிந்து காலையில் அண்ணன் வந்ததும் கேசட்டைத் தேடுவான். அதை தேவாவின் அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். அவர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரே கிடையாது.

அண்ணனிடம் எதை முதலில் சொல்வது? வேலையையா, கேசட்டையா? கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். "அழாதே" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.